அமெரிக்காவில் முதல் சில வாரங்கள்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் போகிற பிள்ளைகளுக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் கடற்கரை முழுக்கத் தேடினாலும், பதினைந்து பதினாறு வயதில் ஒரு வருஷம் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் படிக்கப் போன பிள்ளைகள் அபூர்வம். அதனால் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. கீழக்கரையில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் துபாய்க்குப் போவது எப்படி என்று நாலு பேர் வரிசையாகச் சொல்வார்கள், ஆனால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் அவர்கள் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பத்து மாதம் இருப்பது எப்படி என்று கேட்டால் முழிப்பார்கள். நான் போய் வந்தவள், ஊர் தங்கச்சிமடம். இப்போது போகிற தம்பி தங்கச்சிகள் போன் போட்டுக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

நம் பிள்ளைகள் பொதுவாக இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, அமெரிக்க அரசு செலவில் நடக்கிற கென்னடி-லூகர் யெஸ் திட்டம். 2002-இல் தொடங்கியது, இந்தியாவில் ஏஎஃப்எஸ் என்கிற மாணவர் பரிமாற்ற அமைப்பு வழியாக நடக்கிறது, தேர்வாகிவிட்டால் டிக்கெட், காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் கொஞ்சம் கைச்செலவுக்கும் வரும். இன்னொன்று ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றம், அதில் பெரும்பாலும் ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாறி மாறி இருக்க வேண்டியிருக்கும். எதுவானாலும் அமெரிக்கா என்றால் ஜே-1 என்கிற பரிமாற்ற விசாதான். அந்த விசாவில் பள்ளி மாணவரை வைத்துக்கொள்கிற குடும்பத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை, அவர்களாக விரும்பித்தான் உன்னை அழைக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் நிறைய விஷயம் தானாகப் புரியும். நீ அங்கே பேயிங் கெஸ்ட் கிடையாது, விருந்தாளியும் கிடையாது.

இன்னொன்றையும் இப்போதே மண்டையில் ஏற்றிக்கொள். நம் ஊரில் முகம் வாடியிருந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "என்னடி, சாப்பிட்டியா?" என்று கேட்பார். அங்கே உன் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, கண்டுபிடித்தாலும் நீயாகச் சொல்லாத ஒன்றைக் கிளறுவது நாகரிகமில்லை என்று விட்டுவிடுவார்கள். பசியா, குளிரா, புரியவில்லையா, பிடிக்கவில்லையா, வாயைத் திறந்து சொன்னால்தான் நடக்கும். முதல் சில வாரங்களில் வருகிற கஷ்டத்தில் பாதி, பேசாமல் இருப்பதால் வருவது.

கிளம்புவதற்கு முன்

பாஸ்போர்ட், விசா நேர்காணல் எல்லாம் அமைப்புக்காரர்களே படிப்படியாகச் சொல்லிவிடுவார்கள். பிளஸ் டூவுக்குத் திரும்பி வரும்போது இடம் உண்டா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி எழுத்தில் வாங்கிக்கொள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தடுப்பூசிதான் எல்லோரையும் கடைசி நேரத்தில் ஓட வைக்கிறது. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்.ஆர். ஊசி. அங்கே பள்ளிகள் கேட்பது பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர். ஊசியை. சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது, அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது இல்லாமல் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். இந்த இரண்டையும் தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும், இரண்டும் இரண்டு தவணை, உன் வயதில் தவணைக்கு நடுவே குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். ஆகஸ்டில் விமானம் என்றால் ஜூலைக் கடைசியில் விழித்துக்கொண்டு பயனில்லை, மே மாதமே தொடங்கு. சின்னப் பிள்ளையில் அம்மை போட்டிருந்தது என்று பாட்டி சொல்வது போதாது, மருத்துவர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் தாள் வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நர்ஸ் அக்காவிடம் கேள், பதிவேட்டில் தேடித் தருவார்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கு அம்மாவோடு ஒரு சண்டை நிச்சயம். கறிவேப்பிலை பச்சையாகக் கொண்டுபோக முடியாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்குகிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பழம், இறைச்சி வேண்டாம். கருவாட்டுக்குச் சட்டப்படி தடையில்லை, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் காய்ந்த மீன் கொண்டுபோகலாம், அதிகாரி கேட்காவிட்டாலும் இருக்கிறது என்று நீயாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன், கொண்டுபோகாதே. வீடு முழுக்க மூடியிருக்கும், தரையில் கம்பளம், ஜன்னலில் திரை, சோபாவில் துணி. ஒரு துண்டு சீலாக் கருவாட்டை வறுத்தால் அந்த வாசனை மறுநாள் அவர்கள் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு வரைக்கும் ஏறிவிடும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஒரு ஊறுகாய், கடையில் பேர் ஒட்டி அடைத்துக் கொடுத்தது, போதும். துபாய், அபுதாபி வழியாகப் பறக்கிறாய் என்றால் கசகசா கலந்த எதுவும் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஊறுகாய் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள்.

அன்பளிப்பு வாங்க ராமேஸ்வரம் கோயில் பக்கத்துக் கடைகளுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். சங்கு, சிப்பிச் சாமான் பக்கமே போகாதே. பவளம், கடல்குதிரை, சில சங்கு வகைகள் எல்லாம் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, எது வரும் எது வராது என்று கடைக்காரர் சொல்வதை நம்பி விமான நிலையத்தில் நிற்க முடியாது. பனை ஓலைப் பெட்டி, கொட்டான், சாயம் போட்ட ஓலைக் கிலுக்கு, இவை எடையும் இல்லை, உடையவும் உடையாது, பார்த்தவர்கள் எப்படிப் பின்னினார்கள் என்று கேட்பார்கள், பேச்சுக்கும் ஆயிற்று.

போய் இறங்கும் நாள்

பாஸ்போர்ட், விசாவுக்காக அமைப்பு கொடுத்த டிஎஸ்-2019 தாள், தடுப்பூசித் தாள், ஹோஸ்ட் குடும்பத்தின், அதாவது உன்னை வீட்டில் வைத்துக்கொள்கிற குடும்பத்தின் முகவரி, போன் எண், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறாயோ அங்கேயே பெரிய பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ கடைசி ஊர் வரைக்கும் சீட்டு ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதுதான் முறை. இது தெரியாமல் பெட்டி தானாக வந்துவிடும் என்று நேராக நடந்துபோகிற பிள்ளைகள் உண்டு.

வீட்டுக்குப் போனதும் சுற்றிக்காட்டுவார்கள், நீ தூக்கத்தில் தலையாட்டுவாய், ஒன்றும் மனசில் நிற்காது. பரவாயில்லை, மறுநாள் திரும்பக் கேள். ராத்திரி மூன்று மணிக்குக் கண் விழித்துக்கொள்ளும், பசி வயிற்றைக் கிள்ளும். அதனால் படுக்கப் போவதற்கு முன்பே, "நடு ராத்திரி பசித்தால் நான் எதை எடுத்துச் சாப்பிடலாம்?" என்று கேட்டு வைத்துக்கொள். கட்டிலில் இரண்டு விரிப்பு இருக்கும், மெத்தையோடு ஒட்டினது ஒன்று, அதற்கு மேலே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நுழைந்து படுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஏறிப் படுத்துக் குளிரில் நடுங்கிவிட்டுக் காலையில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லாதே.

குளியலறை

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கேட்பதில்லை. நம் குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும், அங்கே பெரும்பாலும் இருக்காது. வாளி, குவளை எதுவும் கிடையாது. தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும், குளிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் திரையின் கீழ் ஓரத்தைத் தொட்டிக்கு உள்பக்கம் எடுத்து விட வேண்டும். வெளிப்பக்கம் விட்டால் தண்ணீர் முழுக்கத் திரை வழியே வழிந்து தரையில் நிற்கும். மாடியாக இருந்தால் கீழ் வீட்டு மேற்கூரையில் கறை விழும், மரவீடு, செலவு எங்கேயோ போய் நிற்கும். குளித்து முடித்ததும் துண்டால் தரையைத் துடைத்துவிட்டு, திரையை இழுத்து விரித்துவிட்டு வா. வெந்நீர் ஒரு தொட்டி அளவுதான் இருக்கும், நீ அரை மணி நேரம் நின்றால் அடுத்து வருகிறவருக்குப் பச்சைத் தண்ணீர். எத்தனை மணிக்கு நான் குளிக்கலாம் என்று முதல் நாளே கேள்.

கழிப்பறையில் தாள்தான். தண்ணீர் இல்லாமல் முடியாது என்றால் ஒரு காலிப் பாட்டில் வைத்துக்கொள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், தரை மட்டும் நனையக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் தலையணை மேல் பழைய துண்டு போடு. தேங்காய் எண்ணெய் அங்கே குளிர் தொடங்கியதும் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும், கெட்டுப்போகவில்லை, வெந்நீரில் வைத்தால் இளகும்.

சாப்பாடும் அடுப்படியும்

நம் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை அவர்களே தட்டில் வைத்துவிடுவார்கள். அங்கே ஒரு தடவை கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாத்திரம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கூச்சத்தில் இப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி அறையில் அம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு, இந்த வீட்டில் சோறு போட மாட்டேன் என்கிறார்கள் என்று ஊருக்குப் போன் போட்ட பிள்ளை ஒன்று உண்டு. அந்தப் பக்கம் அம்மா அழுகை, இந்தப் பக்கம் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமே தெரியாது. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றும் சொல்லலாம்.

ராத்திரிச் சாப்பாடு பல வீடுகளில் ஆறு மணிக்கே முடிந்துவிடும், நம் ஆட்களுக்கு அது டீ நேரம். ஒன்பது மணிக்குத் திரும்பப் பசிக்கும். அதையும் சொல்லிவிட்டால் ஏற்பாடு பண்ணிவிடுவார்கள்.

ஹலால் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம், யாராக இருந்தாலும் கிளம்புவதற்கு முன்பே ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுதிவிடுங்கள், போனதும் திரும்ப ஒருமுறை நேரில் சொல்லுங்கள். அவர்கள் கோழி சாப்பிடுவாயா என்று கேட்டால் சாப்பிடுவேன் என்பாய், அறுத்த முறை பற்றி அவர்களுக்குத் தோன்றாது. ஹலால் கடை பக்கத்தில் இல்லாத ஊராக இருந்தால் மீன், முட்டை, காய்கறி என்று ஓட்டிவிடலாம். பீட்சா மேலே வட்டமாக இருக்கிற பெப்பரோனியில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். ஹாம்பர்கர் என்பது மாட்டிறைச்சி. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். சாலட் மேல் சிவப்பாகத் தூவியிருந்தால் என்ன என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு. வெள்ளிக்கிழமைத் தொழுகை, நோன்பு எல்லாவற்றையும் பள்ளியின் கவுன்சிலரிடம், அதாவது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவரிடம், முன்கூட்டியே பேசி வைத்தால் ஒரு காலி அறை, சாப்பாட்டு நேரத்தில் நூலகம் என்று ஏதாவது செய்துகொடுப்பார்கள். வீட்டுக்குள்ளே நாய் இருக்கும், மடியில் ஏறும், முகத்தை நக்கும். தொழுகைக்கு உளூச் செய்கிறவர்கள் (கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்துகொள்கிறவர்கள்) இதையும் அந்தக் குடும்பத்திடம் விளக்கிவிட வேண்டும், தொழுகிற அறைக்கு மட்டும் நாய் வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது உன் வேலை. ஆண் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், அம்மாவோ அக்காவோ வந்து எடுப்பார்கள் என்று எழுந்துபோகிற பழக்கத்தை மண்டபத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அதற்கென்று இருக்கிற வில்லையைத்தான் போட வேண்டும், தொட்டியருகே இருக்கிற பச்சைச் சோப்புத் திரவத்தை ஊற்றினால் அடுப்படித் தரை முழுக்க நுரை தள்ளும்.

நீயே சமைத்துக் காட்டலாம், ஆசையாகச் சாப்பிடுவார்கள், ஆனால் முதல் வாரம் வேண்டாம். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி விசிறியை முதலில் போடு, அப்புறம் எண்ணெய். நம் குண்டு மிளகாயை, அதான் புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு மிளகாயை, கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் நாய் தும்மும், அப்புறம் வீடே இருமும், கடைசியில் மேற்கூரையில் இருக்கிற புகை அலாரம் காது கிழியக் கத்தும். எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் கடுகு போட்டு, மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே தக்காளியைக் கொட்டிவிடு. மீன் எலும்பு இல்லாத துண்டாகத்தான் கிடைக்கும், முள் எடுத்துச் சாப்பிட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் அதுவே நல்லது. நீ சமைத்த சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக் காட்டு, வேடிக்கையாகக் கூடவே சாப்பிடுவார்கள்.

அறைக் கதவை நாள் முழுக்க மூடி வைக்காதே. உனக்கு அது ஓய்வு, அவர்களுக்கு நீ கோபமாக இருக்கிறாய் என்று படும். வீட்டுப்பாடத்தைக் கூடத்திலோ சாப்பாட்டு மேசையிலோ உட்கார்ந்து எழுது, பேச்சு தானாக வரும். வெளியே கிளம்பினால் எங்கே, யாரோடு, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போ. கார் ஓட்டுவது, குடி, போதை இவை மூன்றும் எந்தத் திட்டத்திலும் நேராக ஊருக்கு அனுப்பி வைக்கிற குற்றம். அங்கே 21 வயது ஆகாதவருக்கு மது சட்டப்படியே கிடையாது, கூடப் படிக்கிறவன் குடிக்கிறானே என்பதெல்லாம் எடுபடாது.

பள்ளிக்கூடம்

முதல் நாள் கவுன்சிலர் உன்னோடு உட்கார்ந்து பாட அட்டவணை போடுவார். கணக்கில் நீ அவர்கள் வகுப்பைவிட முன்னே இருக்கலாம், அமெரிக்க வரலாறும் ஆங்கில இலக்கியமும் தலையைச் சுற்ற வைக்கும். ஒரு பாடமாவது கையால் செய்கிறதாக எடு, மரவேலை, சமையல், ஓவியம், இசை. அங்கேதான் பக்கத்தில் இருப்பவனோடு பேச வேண்டி வரும். இரண்டு வாரத்துக்குள் பாடம் மாற்றிக்கொள்ளப் பல பள்ளிகளில் அனுமதி உண்டு, அதற்குள் சொல்லிவிடு.

அங்கே ஆசிரியர் ஒரே அறையில் இருப்பார், நீதான் மணி அடிக்க அடிக்க அறை அறையாக ஓட வேண்டும், நடுவில் நாலைந்து நிமிஷம்தான். அந்த நேரத்துக்குள் லாக்கரைத் திறக்கிற பூட்டு முதல் வாரத்தில் அழ வைக்கும். சாவி கிடையாது, எண் வட்டு. பெரும்பாலான பூட்டுகளில் முறை இதுதான். வலப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றி முதல் எண்ணில் நிறுத்து. இடப்பக்கம் திருப்பி, இரண்டாம் எண்ணை ஒரு தடவை தாண்டவிட்டு, மறுபடி அது வரும்போது நிறுத்து. பிறகு வலப்பக்கம் நேராக மூன்றாம் எண். இழு. எண் தள்ளி நின்றால் திறக்காது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளி விட்டபின் கூட்டமில்லாத நேரத்தில் நின்று கைப்பழக்கம் பண்ணிக்கொள்.

ஆசிரியர் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. மிஸ்டர், மிஸ் என்று குடும்பப் பேரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும். புரியவில்லை என்று வகுப்பிலேயே கையைத் தூக்கிக் கேட்கலாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. இணையத்திலிருந்து எடுத்து எழுதுவதும் நண்பனுடையதைப் பார்த்து எழுதுவதும் அங்கே பெரிய விவகாரம். நம் ஊரில் நோட்டைக் கொடுக்காவிட்டால்தான் தப்பு, அங்கே கொடுத்தவனுக்கும் சேர்த்துப் பூஜ்யம் விழும். காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள், நீ வெளிநாட்டவர், சொல்ல வேண்டியதில்லை, மரியாதைக்கு எழுந்து நின்றால் போதும்.

மதியச் சாப்பாட்டு நேரம்தான் எல்லாப் பிள்ளைகளும் பயப்படுவது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நிமிஷம். அதற்கு முந்தின வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "உன்னோடு வந்து சாப்பிடட்டுமா?" என்று கேட்டுவிடு. யாரும் மாட்டேன் என்பதில்லை. கேட்காமல் நின்றால் யாரும் கூப்பிடுவதும் இல்லை.

விளையாட்டில் சேர். ஆகஸ்டிலேயே தொடங்குகிற கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் பல பள்ளிகள் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும், வேகமாக ஓட வேண்டும் என்றில்லை. நம் பிள்ளைகள் நீச்சல் அணிக்குத்தான் முதலில் ஓடுவார்கள், பாம்பன் கடலில் முங்கி எழுந்தவனுக்கு நீச்சல் குளம் எந்த மூலைக்கு என்று. சேரலாம், ஆனால் தலையை வெளியே வைத்து நீந்துகிற நம் முறை அங்கே உதவாது, மூச்சு எடுப்பதிலிருந்து புதிதாகச் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்டுக்கொள்.

உன் ஊர் எது என்று கேட்டால்

கேட்பார்கள், தினமும். இந்தியா என்று நிறுத்தினால் அவர்களுக்குத் தாஜ்மகால்தான் தெரியும். போனில் வரைபடத்தைத் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் திட்டுத் திட்டாகப் போகிற மணலைக் காட்டு, அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்னொரு நாடு, நடுவில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் என்று சொல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிற வீடியோ ஒன்றைப் போனில் இறக்கி வை, வகுப்பே எட்டிப் பார்க்கும். புளோரிடா பக்கம் போனால் அவர்கள் ஊர் மானட்டி நம் கடல்பசுவுக்குச் சொந்தம்தான்.

நவம்பரில் பன்னாட்டுக் கல்வி வாரம் வரும், அப்போது உன் நாட்டைப் பற்றி வகுப்புகளில் பேசச் சொல்வார்கள். நடனம், பண்டிகை, இட்லி என்று எல்லோரும் காட்டுவதையே காட்டாதே. அம்மா பாசி எடுக்கப் போகிறவர் என்றால், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து வருவதையும், அந்த மாதிரிப் பாசியிலிருந்து எடுக்கிற பொருள்தான் ஐஸ்கிரீமைக் கெட்டியாக வைக்கிறது என்பதையும் சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏன் போகாது என்று சொல். அந்த அறையில் இதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

வீட்டுக்குப் போன்

முதல் வாரம் தினமும் பேசத் தோன்றும், வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். அமைப்புகள் எல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்லும், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ராத்திரி வீட்டோடு பேசிவிட்டுப் படுத்தால் காலையில் எழும்போது மனசு இன்னும் ராமேஸ்வரத்தில்தான் இருக்கும், எதிரில் இருக்கிறவரோடு பேச வாய் வராது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம் என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள், நடுவில் ஒரு குரல் செய்தி, ஒரு படம் போதும்.

நேரக் கணக்கு இது. சிகாகோ, டெக்சாஸ் போன்ற மத்திய நேரப் பகுதியில் இருந்தால் ஆகஸ்டில் நம் நேரம் பத்தரை மணி முன்னே. உனக்குச் சனி ராத்திரி எட்டு என்றால் வீட்டில் ஞாயிறு காலை ஆறரை. அம்மா ஏலத்துக்கோ கடலுக்கோ கிளம்புகிற வீடாக இருந்தால் அது ஆகாத நேரம், உன் காலை எட்டரை மணிக்குப் பேசு, வீட்டில் ராத்திரி ஏழு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், வித்தியாசம் பதினொன்றரை ஆகிவிடும். இதை வீட்டில் சொல்லி வைக்காவிட்டால் அன்றைக்கு ஒரு மணி நேரம் போன் வரவில்லை என்று தெருவே கூடிவிடும். வீடியோவில் பேசும்போது ஹோஸ்ட் வீட்டு ஆட்களைக் கேட்காமல் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதே, பெரியப்பா, மாமி, பக்கத்து வீடு எல்லாம் அந்தப் பக்கம் கையாட்டிக்கொண்டு நிற்கும்போது ராத்திரி உடையில் அடுப்படிக்கு வருகிறவர் என்ன செய்வார்?

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. நீ அங்கே இருக்கும்போது ஒரு நாள், ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதாகப் போனில் செய்தி வரும். நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் என்று வரும். உனக்கு அப்போது நடுப்பகல், வகுப்பில் இருப்பாய், வீட்டில் நள்ளிரவு, யாரும் எடுக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பத்து விதமாகப் பேசுவார்கள். அதனால் கிளம்பும்போதே வீட்டில் ஒரே ஒரு ஆளை, அண்ணனோ சித்தப்பாவோ நிதானமானவராகப் பார்த்து, பேசி வை. எது நடந்தாலும் அவர் உனக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும், அப்பா கரையில் இருக்கிறார், அல்லது இன்னும் தெரியவில்லை, ஏதோ ஒன்று. மற்றவர்கள் அனுப்புவதை நம்பாதே. அன்றைக்குப் படிப்பில் மனசு இல்லை என்றால் கவுன்சிலரிடம் போய் விஷயத்தைச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொள்.

சொந்தக்காரர்கள் அங்கேயே செட்டில் ஆகிவிடு என்பார்கள். அமெரிக்க அரசு செலவில் ஜே-1 விசாவில் போகிறவர் பொதுவாகத் திரும்பி வந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தால்தான் அங்கே வேலை விசாவோ நிரந்தரக் குடியிருப்போ கேட்க முடியும், அதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடு.

குளிர், காசு, காய்ச்சல்

குளிர் கோட்டை இங்கே வாங்காதே, அங்கே பழைய துணிக் கடைகளில் குறைந்த விலைக்கு நல்லதாகக் கிடைக்கும், அந்த ஊர்க் குளிருக்கு எது வேண்டும் என்று ஹோஸ்ட் அம்மாவுக்குத்தான் தெரியும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம், காற்றில் ஈரம் இல்லாததால் வருவது, நம் உப்புக் காற்றில் வளர்ந்த உடம்புக்குப் புதுசு. வெயில் கணக்கு பாரன்ஹீட்டில் சொல்வார்கள், 32 என்றால் தண்ணீர் உறைகிற குளிர். விலைச் சீட்டில் இருக்கிறதைவிடப் பல மாநிலங்களில் கல்லாவில் வரி கூடும். பத்து சென்ட் காசு ஐந்து சென்ட் காசைவிடச் சின்னதாக இருக்கும். நம் ஊர் பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், டைலனால் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்துப் போடாதே. ஆஸ்பத்திரிக்கு நீயாகப் போகாதே, வீட்டில் சொல், காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள். உயிர் ஆபத்து என்றால் 911.

சரிப்பட்டு வரவில்லை என்றால்

உன்னைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரிலோ பக்கத்திலோ ஒரு லோக்கல் கோஆர்டினேட்டர் இருப்பார், மாதம் ஒரு முறையாவது உன்னோடு பேச வேண்டும் என்பது விதி. முதல் சந்திப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துவிட்டு வந்துவிடாதே. சாப்பாடு போதவில்லை, அறை குளிருகிறது, வீட்டுத் தம்பி என் சாமானை எடுக்கிறான், சின்னதாக இருந்தாலும் சொல். சின்னதாக இருக்கும்போது சொன்னால் ஒரு பேச்சில் தீரும். குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே, அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு எப்படிச் சொல்வது என்று நம் வளர்ப்பு தடுக்கும். அந்தக் குடும்பமும் நீ சொல்லாமல் ஊரில் போய்ச் சொல்வதைவிட இப்போதே சொல்வதைத்தான் விரும்பும்.

பேசியும் சரியாகவில்லை என்றால் வேறு வீடு மாற்றித் தருவார்கள். அது தோல்வி ஆகாது, நடக்கிறதுதான், அம்மா அப்பாவிடமும் உம்மா வாப்பாவிடமும் முன்கூட்டியே இதைச் சொல்லி வைத்துவிடு, இல்லாவிட்டால் என் பிள்ளையை விரட்டிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்துக்கொண்டால், யாராவது தொடக்கூடாத மாதிரித் தொட்டால், பேசினால், அடித்தால், அது வேறு விஷயம், அதற்கு மாதச் சந்திப்பு வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கோஆர்டினேட்டர், பள்ளிக் கவுன்சிலர், ஆசிரியர், யார் முதலில் கண்ணில் படுகிறாரோ அவரிடம் அன்றைக்கே சொல். கோஆர்டினேட்டரே பிரச்சினை என்றால், எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்றே அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு உதவி எண் வைத்திருக்கிறது. அந்த எண் போட்ட அட்டை உனக்குக் கிடைக்கும். அதைப் போன் உறைக்குள் செருகிவிட்டு நிம்மதியாக இருக்காதே, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும். எண்ணை ஒரு தாளில் எழுதிப் பள்ளிப் பையில் ஒன்று, பாஸ்போர்ட்டோடு ஒன்று, ஊரில் நீ பேசி வைத்த அந்த அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ ஒன்று.